டிவிக்கு முதுகு காட்டும் சத்தார் பாய்

டிவியைப் போட்டுவிட்டு அதற்கு முதுகைக் காட்டி உட்காருகிறார் சத்தார் பாய். சம்மணம் போட்டு, மடியில் வெற்றிலைப் பையை வைத்துக்கொண்டு, எதிரே தரையில் உட்கார்ந்திருக்கிற வீட்டுக்காரர்களை ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். அவர் முதுகுக்குப் பின்னால் படம் ஓடுகிறது. பாட்டு வருகிறது, சண்டை வருகிறது, யாரோ அழுகிறார்கள். திரும்பவே மாட்டார். எதிரே ஒருத்தர் கண்ணைச் சுருக்கினால், "எழுத்து பொடியா கீதா?" என்று கேட்பார். ஒருத்தர் கொட்டாவி விட்டால், "நின்னு நின்னு வருதா?" என்பார். யாரும் ஒன்றும் பேசாமல் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தால், தலையை ஆட்டிக்கொண்டு ஒரு வெற்றிலையை மடிப்பார். அதுதான் அவருக்கு நல்ல சேதி.

வாணியம்பாடியில் அவருக்கு ஒரு சின்னக் கடை. டிவி, டிஷ், ஸ்டெபிலைசர் ரிப்பேர். வாரத்தில் ஒருநாள் திருப்பத்தூர் வந்து, அங்கிருந்து ஷேர் ஜீப்பில் தொற்றிக்கொண்டு எங்கள் மலையூரான நெல்லிவாசல் நாட்டுக்கு ஏறி வருவார். முன்பெல்லாம் டிஷ் மாட்டத்தான் வருவார். இப்போது மலையில் எல்லா வீட்டுக்கும் நெட்டில் ஓடுகிற பொட்டி வருகிறது. சோப்பு டப்பா அளவுதான் இருக்கும். டிவிக்குப் பின்னால் சொருகி, போனிலிருந்து நெட்டைக் கொடுத்தால் படம் வந்துவிடுகிறது. ஆம்பூர், ஓசூர் என்று வேலைக்குப் போன பிள்ளைகள் வாங்கி அனுப்புகிறார்கள். விலை குறைந்த பொட்டிதான். பிடிக்கவில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பி அனுப்பிவிடலாமாம். அதனாலேயே சத்தார் பாய் வரவேண்டியிருக்கிறது. அவர் உட்கார்ந்து ஒரு வார்த்தை சொல்லாமல் எங்கள் ஊரில் எந்தப் பொட்டியும் நிலைத்ததில்லை.

அவர் சோதிக்கிற விதத்தைப் பார்க்கவே பக்கத்து வீட்டார் வந்து நிற்பார்கள். முதலில் பொட்டியைக் காதோரம் வைத்து ஒரு குலுக்கு. அப்புறம் ரிமோட்டைக் கட்டில் உயரத்திலிருந்து வேண்டுமென்றே கீழே போடுவார். வாங்கி வந்த பிள்ளை பதறும். "கட்டில்லேர்ந்து வுழாத ரிமோட்டு எந்த ஊர்ல கீது? இன்னைக்கி நான் போடலன்னா நாளைக்கி உங்கம்மா போடுவாங்க" என்பார். படம் ஓடிக் கொஞ்ச நேரம் ஆனதும் கையைப் பின்னால் நீட்டி, புறங்கையால் பொட்டியைத் தொட்டுப் பார்ப்பார், குழந்தைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி. "மேலு சுடுது. ஜன்னலோரமா வைங்க. பூப்போட்ட துணி எல்லாம் மூடாதீங்க, அதுக்கு ஒண்ணும் குளுராது."

மலையில் கரண்டு வரும், போகும். அதற்கும் ஒரு சோதனை. மெயினை அணைத்துத் திரும்பப் போட்டதும் ஒரு வெற்றிலையை வாயில் அதக்குவார். அந்தச் சாறு தொண்டையில் இறங்குவதற்குள் பொட்டி எழுந்து படம் காட்டவேண்டும். கடைசியாக ரிமோட்டை அந்த வீட்டிலேயே மூத்த ஆள் கையில் கொடுத்துவிட்டு, ஒன்றும் சொல்லிக்கொடுக்காமல் சும்மா இருப்பார்.

அப்படித்தான் மேட்டு வீட்டுக் குப்பம்மாள் கையில் ஒருநாள் கொடுத்தார். அந்த ரிமோட்டில் பேசினால் கேட்கிற பொத்தான் ஒன்று இருந்தது. குப்பம்மாள் அதைத்தான் அழுத்தினார். அழுத்திவிட்டு ரிமோட்டைக் காதில் வைத்து, "அலோ, யாரு பேசறது?" என்றார். பொட்டி ஏதோ ஒரு இங்கிலீஷ் பாட்டைப் போட்டது. குப்பம்மாள் ரிமோட்டைக் காதிலிருந்து எடுத்து முகத்துக்கு நேராக வைத்து, "யாருன்னு நான் கேட்டா நீ இன்னாடா பாடற?" என்று அதட்டினார். வீடே உருண்டு சிரித்தது. சத்தார் பாய் மட்டும் சிரிக்கவில்லை. "அவங்க கேட்டதுல தப்பில்ல, பதில் சொன்னதுதான் தப்பு. தேறாது" என்று பொட்டியைப் பிடுங்கி அட்டைப்பெட்டிக்குள் வைத்துவிட்டார்.

தேறும், தேறாது. இந்த இரண்டு வார்த்தைதான். நடுவில் ஒன்றும் கிடையாது. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவர் அவர். "வாத்தியாரு எனக்குப் போட்டத நான் பொட்டிக்குப் போடறேன்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். அவரைக் கேட்காமல் பெட்டிக்கடை ராஜாக்கண்ணு ஒரு பொட்டியை வாங்கி மாட்டினார். அது இந்தியில் மட்டுமே பேசியது. கடைக்கு வந்தவர்கள் எல்லாம், புதுப் பொட்டி, போகப்போகத் தமிழ் வந்துவிடும் என்று நம்பிப் பொறுமையாக உட்கார்ந்து பார்த்தார்கள். சத்தார் பாய் வந்து, "இன்னா ராஜாக்கண்ணு, ஊரையே டெல்லிக்கி அனுப்பப் போறியா?" என்று கேட்டு, எங்கேயோ நாலு பொத்தானைத் தட்டியதும் பொட்டி தமிழில் பேசியது. அப்போதும் அவர் திரையைப் பார்க்கவில்லை. "வலப்பக்கம் மேல இன்னா எழுதிகீது? படி" என்று ராஜாக்கண்ணுவைப் படிக்கச் சொல்லி, அதைக் கேட்டுத்தான் தட்டினார்.

டிவி ரிப்பேர் பார்க்கிற மனுஷர் டிவியைப் பார்ப்பதில்லையே, ஏன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஊரில் எங்களுக்குத் தெரியும். அதற்குக் காரணம் என் பக்கத்து வீட்டுக் கருப்பண்ணன்.

எங்கள் ஊரில் முதன்முதல் டிவி வாங்கியது கருப்பண்ணன்தான். அன்றைக்கு ஜீப் இந்த மேட்டில் ஏறாது. சத்தாருடைய அத்தா கடையில் வாங்கி, சாக்கில் சுற்றி, தலைச்சுமையாகக் கொண்டுவந்தார். ஆன்டெனா மாட்ட இளந்தாரி சத்தாரும் கூடவே ஏறி வந்தார். மூங்கில் கழியில் ஆன்டெனாவைக் கட்டி, அந்தக் கழியைக் கருப்பண்ணன் வீட்டுக்கு மேலண்டையில் இருக்கிற புளியமரத்து உச்சியில் கட்டினார்கள். படம் வந்தது. ஊர் கைதட்டியது. உடனே மலைக்காற்று அடித்தது, படம் போனது. அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை என்றால் சத்தார் மரத்தின் மேல், கருப்பண்ணன் வாசற்படியில். சாயங்காலப் படம் போடுவதற்கு முன்னால் ஏறினால், படம் முடிகிற வரைக்கும் கிளையில் உட்கார்ந்து கழியைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருப்பார்.

கருப்பண்ணன் குரல் எதிர்மலைக்குக் கேட்கும். "வருது, வருது, அப்டியே வெய்யி! டே போச்சிடா! ஆளு ரெண்டு ரெண்டா தெரியறான். உன் சோத்துக் கைப் பக்கம் திருப்பு. ஐயோ, பேய் மழை பெய்யுதுடா டிவில! பீச்சாங்கைப் பக்கம், பீச்சாங்கைப் பக்கம்! ஆ, வந்துடுச்சி!" உள்ளே உட்கார்ந்திருந்த எங்களுக்குப் படத்தில் பேசுகிறது பாதி, கருப்பண்ணன் கத்துகிறது பாதி காதில் விழும். அப்போது நான் சின்னப்பெண். படத்தில் அம்மா மகனுக்குச் சோறு போடுகிற இடத்தில், "கொஞ்சம் கீழ எறக்குடா" என்று கருப்பண்ணன் குரல் கேட்கும். அதுவும் படத்தில் இருக்கிற வசனம் என்றே கொஞ்ச நாள் நினைத்திருந்தேன்.

மரத்தில் இருந்தவர் ஒரு படத்தையும் பார்த்ததில்லை. அதற்கு ஈடாகச் சாப்பாட்டு நேரத்தில் கருப்பண்ணன் முழுப் படத்தையும் அவருக்குச் சொல்லுவார். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் ஆறிப்போகும். நாயகன் பேசினால் நாயகன் குரல், வில்லன் பேசினால் வில்லன் குரல். சண்டை வந்தால் சொம்பு உருளும். அழுகிற இடம் வந்தால் சத்தார் சாப்பிடுகிற கையை நிறுத்திவிடுவார். "நான் பாத்த படம் அத்தினியும் கருப்பண்ணன் வாயாலதான். அப்பறம் கீழ போயி அதே படத்த தியேட்டர்ல பாத்தா, சே, நல்லாவே இல்ல தங்கச்சி" என்று இன்றைக்கும் என்னிடம் சொல்லுவார். டிவியைப் பார்ப்பதைவிட டிவி பார்க்கிறவர்களைக் கேட்பதுதான் அவருக்குப் பழகிவிட்டது. ஆண்டவன் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வாசல் வழியாகக் காட்டுகிறான் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

போன பங்குனியில் கருப்பண்ணன் புளி உலுக்க ஏறி மரத்திலிருந்து விழுந்துவிட்டார். வேலூருக்குக் கொண்டுபோய் இடுப்பில் ஆபரேஷன் செய்து, உயிரைக் கொண்டுவந்து வீட்டில் போட்டோம். நடக்க நாளாகும் என்றார்கள். நடக்காதது பெரிதில்லை. பேச்சு நின்றுவிட்டது. வாய்க்கு ஒன்றும் ஆகவில்லை. மனசு வரவில்லை. கட்டிலில் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். சாப்பாடு வேண்டுமா என்றால் தலை ஆடும். அவர் சம்சாரம் சாந்தம்மாள் போகாத கோயில் இல்லை. நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் அவர் பெயருக்கு ஒரு விளக்கு வைக்கிறேன். ஆடிக் காற்றில் மாடியில் இருந்த டிஷ்ஷும் பிடுங்கிக்கொண்டு கீழே விழுந்தது. அதை நிமிர்த்துகிற ஆள் கட்டிலில் கிடக்கிறார். மாட்டித் தருகிறேன் என்று சத்தார் பாய் சொன்னதற்கும் அவர் தலை வேண்டாம் என்றே ஆடியது. வீடு ஊமையாகிப்போனது. சத்தார் பாய் வாராவாரம் வருவார். கட்டிலோரம் உட்கார்ந்து, அது இதுவென்று பேசிப் பார்ப்பார். பதில் வராது. ஜீப் ஏறும்போது என் வீட்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்று, "இன்னைக்கும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போவார்.

தீபாவளிக்குக் கருப்பண்ணன் மகள் அருணா வந்தாள். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தையல் வேலை. கையில் ஒரு பொட்டி. சத்தார் பாய் வந்து வாசலில் செருப்பைக் கழற்றுவதற்கு முன்னாலேயே ஓடிவந்தாள்.

"பாய் மாமா, படம் எப்டி வேணா வரட்டும். சூடாவட்டும், சுத்தட்டும். எங்கப்பா வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசணும். அதுக்குத்தான் வாங்கியாந்தேன். பேசலன்னா திருப்பி அனுப்பிடறேன்."

"அத பொட்டிகிட்ட கேக்கறியா, என்கிட்ட கேக்கறியா?"

"ரெண்டு பேர்கிட்டயும்தான்."

"நெட்டு வூட்ல கீதில்ல?"

"கீது மாமா" என்றாள். உண்மைதான். வீட்டில்தான் இருந்தது, அவள் இடுப்பில் செருகியிருந்த போனில்.

சத்தார் பாய் வழக்கம்போல் டிவிக்கு முதுகு காட்டி உட்கார்ந்தார். அருணா ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படத்தைப் போட்டாள். அடுப்பில் எண்ணெய் காய்ந்தது. சாந்தம்மாள் அதிரசம் தட்டிப் போட்டுக்கொண்டே, "அந்தக் காலத்துல இந்தப் படத்துல வர்ற ஆளு மீசைக்கே உங்கப்பா டிக்கெட்டு எடுப்பாரு" என்றார். "நீ அப்பாவக் கண்ணாலம் கட்டிக்கினதும் மீசைய பாத்துத்தானா?" என்றாள் மகள். "போடி, இவருக்கு மீசை எங்க இருந்துச்சி? நாலு மயிரு" என்றார் தாய். நான் சிரித்துச் சிரித்து வயிறு வலித்து, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். எத்தனையோ மாசத்துக்கு அப்புறம் அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். சத்தார் பாய் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். கருப்பண்ணன் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. பின்னந்தலைதான் தெரிந்தது.

அந்தப் பின்னந்தலை மெல்லத் திரும்பியது.

"சவுண்டு கொஞ்சம் வெய்யி" என்றார் கருப்பண்ணன்.

சாந்தம்மாள் கையிலிருந்த கரண்டி எண்ணெய்க்குள் விழுந்துவிட்டது. அருணா வெளியே ஓடினாள். சத்தார் பாய் இரண்டு கையையும் முகத்தில் தடவிக்கொண்டு அல்லாவுக்கு நன்றி சொன்னார். சொன்ன கையோடு, "தேறும்" என்றார். ரிமோட்டைக் கீழே போடவில்லை. மெயினை அணைக்கவில்லை. வெற்றிலை மடிக்கவில்லை. ஒரு சோதனையும் இல்லாமல் அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுத்த நாள் காலை ஜீப்பில் அருணா வேலைக்குக் கிளம்பிப் போனாள். ஜீப் வளைவு திரும்பியிருக்காது, அதற்குள் சாந்தம்மாள் என்னைக் கூப்பிட்டார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. வேறு ஒன்றும் இல்லை. பொட்டியை அணைத்துப் போட்டோம். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். சாந்தம்மாள் பட்டன் போனில் வாணியம்பாடிக்குக் கூப்பிட்டு, "பாயி, பொட்டிக்கி தல சுத்திகினே கீது" என்றார். நாளைக்கு வருவதாகப் பாய் சொன்னார். அதுவரைக்கும் என் போனிலிருந்து நெட்டைக் கொடுத்துப் பார்த்தோம். எங்கள் சிம்முக்கு அந்த வீட்டில் சிக்னல் ஒரு கோடுதான் ஏறும். படம் ரெண்டு எட்டு நடந்து மறுபடி நின்றது. அதற்குள் கருப்பண்ணன் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டார்.

மறுநாள் முதல் ஜீப்பிலேயே சத்தார் பாய் வந்துவிட்டார். மாடி ஏறுகிற வேலை என்றால் மகன் உஸைரைக் கூட்டி வருவார். இன்றைக்குத் தனியாகத்தான் வந்தார். பொட்டியைத் தொடவில்லை. நேராகச் சாந்தம்மாளைத்தான் கேட்டார்.

"அண்ணி, நெட்டு எங்க?"

"எனக்கின்னா தெரியும்? அருணா போன்ல எதையோ தடவும், இது எரியும்."

சத்தார் பாய் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். மறுபடி போட்டுக்கொண்டார். வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் படத்த பாக்கல அண்ணி. உங்க கொரலத்தான் கேட்டேன். கொரல் அத்தினி நல்லா இருந்துச்சி. அண்ணனும் பேசிட்டாரா, அதோட நான் மயங்கிட்டேன். பொண்ணு வந்த சந்தோஷத்த பொட்டி வந்த சந்தோஷம்னு எடுத்துக்கினேன்."

"அப்ப பொண்ண வேலைய வுடச் சொல்லி பொட்டி பக்கத்துல குந்த வெக்கணுமா?"

சத்தார் பாய் எழுந்தார். என் போனை வாங்கி, எங்கள் வீட்டு வாசலில் நின்று, ஸ்பீக்கரில் போட்டு அருணாவைக் கூப்பிட்டார். கம்பெனியில் டீ குடிக்கிற நேரம். மிஷின் சத்தம் கேட்டது.

"அருணாம்மா, பொட்டி தேறாது. ஆள வரச்சொல்லி திருப்பி அனுப்பிடு."

"நீங்கதானே மாமா தேறும்னீங்க?"

"மார்க்கு தப்பா போட்டுட்டேன்மா. அந்தப் பொட்டி நீ இருந்தாதான் ஓடும். நீ இருந்தா பொட்டியே வேணாம்."

"அப்ப அப்பா?" என்றாள்.

"இரு. நான் இன்னும் மலைய விட்டு எறங்கல" என்று சொல்லிப் போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கருப்பண்ணன் வீட்டுக்குப் பின்பக்கம் போனார்.

விழுந்த டிஷ் அங்கேதான் கிடந்தது. சாந்தம்மாள் அதில் சுண்டைக்காய் காயவைத்திருந்தார். "அண்ணி, சாட்டிலைட்டுலேர்ந்து நேரா சுண்டக்கா எறக்கறீங்களா?" என்று கேட்டு, காயை முறத்தில் கொட்டி, டிஷ்ஷை லுங்கியில் துடைத்தார். பையிலிருந்து சாமான்களை எடுத்து, டிஷ்ஷுக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கிற மூக்கைப் பார்த்து, ஒயரைப் பார்த்து, அதற்குப் புதிதாக முனை வைத்தார். டிவியிலிருந்து பொட்டியைக் கழற்றி, பழைய செட்டாப் பாக்ஸை மாட்டினார். மாசக் காசு கட்டாமல் வருகிற சேனல்கள்தான் அதில் வரும். அது போதும். பிறகு மூங்கில் ஏணியைச் சுவரில் சார்த்தினார்.

"பாய், ஏறாதீங்க. உஸைர் வரட்டும்" என்றேன். அவர் சம்சாரம் கனீஸ் ஃபாத்திமா அவரை ஏறவே விடுவதில்லை. போன வருஷம் மயக்கம் வந்து கடை மாடியில் உட்கார்ந்துவிட்டாராம். இனி ஏணியில் கால் வைக்கமாட்டேன் என்று அந்த அம்மாவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார்.

"கனீஸ் கேட்டா நீங்க யாரும் ஒண்ணும் பாக்கல. இன்னா, சரியா?" என்று சொல்லிவிட்டு ஏணியில் கை வைத்தார். "அண்ணி, நீங்க ஏணியோட இந்தக் காலப் புடிங்க."

"நான் உள்ள போயி படம் வருதான்னு பாத்துச் சொல்றேன்" என்றேன்.

"வாணாம். தங்கச்சி, நீ அந்தக் காலப் புடி."

அந்த ஏணிக்கு ஒரு ஆளே போதும். இப்போது உள்ளே கருப்பண்ணன் மட்டும்தான்.

டிஷ்ஷை ஒரு கையில் அணைத்தபடி படிப்படியாக நின்று ஏறினார். அவர் அல்லாவைச் சொல்லிக்கொண்டே ஏறினார், நான் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே பிடித்தேன். மேலே போனதும் கொஞ்ச நேரம் அவர் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. அப்புறம் ஸ்பேனர் சத்தம். அப்புறம் குரல்.

"கருப்பண்ணா, வருதா?"

உள்ளே சத்தமில்லை. சாந்தம்மாள் என்னைப் பார்த்தார். நான் கண்ணால், பொறுங்கள் என்றேன்.

"இப்ப வருதா?"

மேலே டிஷ் கொஞ்சம் கிறீச்சிட்டது.

"யோவ் கருப்பண்ணா, வெயிலு மண்டைய பொளக்குது. எனக்குக் கண்ணு ஒருமாதிரி இருட்டிகினு வருது. நான் வுழுந்தா உன் பக்கத்துலயே ஒரு கட்டிலப் போட்டுடு. ரெண்டு பேரும் செவுத்தையே பாத்துகினு கெடக்கலாம்."

சாந்தம்மாள் ஏணியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அவர் விளையாட்டுக்குச் சொல்கிறாரா, நிஜமாகவே கண் இருட்டுகிறதா, கீழே இருந்து எங்களுக்குத் தெரியவில்லை. உள்ளே கட்டில் முனகியது.

"வரல" என்றது ஒரு குரல். துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது.

"எது வரல? கேக்கல, கத்திச் சொல்லு!"

"வரலன்றேன்! கெழக்க திருப்பு!"

"திருப்பிட்டேன்!"

"இது கெழக்காடா? உங்கூட்டு கெழக்கு வாணியம்பாடில இருக்கும். இது நம்பூட்டு கெழக்கு. இன்னும் திருப்பு. மெதுவா! கட்டங்கட்டமா ஒடையுது. நிறுத்து, நிறுத்து. ஒரு துளி மேல தூக்கு. பாயி, தூக்குடான்னா!"

மேட்டு வீட்டிலிருந்து குப்பம்மாள் எட்டிப் பார்த்தார். ராஜாக்கண்ணு கடையை அப்படியே விட்டுவிட்டு வந்து நடுத்தெருவில் நின்றார். சாந்தம்மாள் ஏணியை விட்டுவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஆ, வந்துடுச்சி! வந்துடுச்சி! அப்டியே வெய்யி!"

உள்ளேயிருந்து ஏதோ ஒரு செய்திக்காரப் பெண் மழையைப் பற்றித் தெளிவாகப் பேசுகிற சத்தம் மாடி வரைக்கும் கேட்டது. சத்தார் பாய்க்கும் கேட்டிருக்கும். நான் அண்ணாந்து பார்த்தேன். நட்டில் ஸ்பேனரைப் பொருத்தி முறுக்கப் போனவர் நிறுத்திவிட்டார். கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். அப்புறம், தொட்டும் தொடாமலும், டிஷ்ஷின் ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு துளி தள்ளிவிட்டார்.

"போச்சி! டே போச்சிடா! மேல இன்னாடா பண்ற?"